மலைநாட்டுக் கிறவல் றோட்டில சைக்கிள் ஓடப் போற யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு

நான் யாழ்ப்பாணத்தில பிசியோதெரபி செய்யிற ஆள். லோங் வீக்கெண்ட் முடிஞ்சு வாற திங்கள் செவ்வாயில கிளினிக்கில இப்ப ஒரு புது வகை ஆக்களைக் காணுறன், வானுக்கு மேல சைக்கிளைக் கட்டிக்கொண்டு நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் போய் ரீ எஸ்டேட் றோட்டுகளில கிறவல் பைக் (கல்லு றோட்டுக்கெண்டு அகல ரயர் போட்ட சைக்கிள்) ஓடிட்டு வந்தவை. ஒராளுக்குச் சின்ன விரல் விறைப்பு, இன்னொராளுக்கு முழங்கால் நோ, மற்றவர் மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார். "வாகனமே இல்லாத றோட்டு, பயமில்லை எண்டு நினைச்சம்" எண்டுதான் முக்கால்வாசிப் பேரும் சொல்லுகினம்.

வாகனம் இல்லாதது நல்ல விசயம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஏ9 றோட்டில பஸ்ஸும் பஸ்ஸும் போட்டிபோட்டு ஓடேக்க ஓரத்தில சைக்கிள் ஓடின எவருக்கும் அந்த நிம்மதியின்ர அருமை தெரியும். ஆனா எதிர்ல ஒண்டும் வராது எண்ட நினைப்பில இறக்கத்தில பிரேக்கில இருந்து கையை விட்டுடுகினம். நான் பாக்கிற, விழுந்து வந்த காயங்கள் ஏறேக்க வந்ததில்லை, கிட்டத்தட்ட எல்லாமே இறங்கேக்க வந்தது. ஏறேக்க ஏலாட்டி இறங்கி உருட்டலாம், ஒருத்தரும் சிரிக்க மாட்டினம்.

நாங்கள் சைக்கிளில வளந்த சனம். 90களில பெற்றோல் இல்லாத காலத்தில எங்கட அப்பாமார் விறகும் நெல்லும் ஆக்களும் எல்லாம் சைக்கிளிலதான் ஏத்தினவை, 2022இல பெற்றோல் தட்டுப்பாடு வந்தோடன திரும்பவும் எல்லாரும் அதிலதான் ஏறினம். அதால எங்களுக்கு ஓடத் தெரியும் எண்டு ஒரு நினைப்பு, அது சரியும் கூட, ஆனா முழு அனுபவமும் தட்டை நிலத்தில. இஞ்ச பிரேக் பிடிக்காட்டி பெடலை விட்டுட்டுக் காலை ஊண்டினாக் காணும். அங்க 1868 மீற்றர் உயரத்தில இருக்கிற நுவரெலியாவில இருந்து ஒரு எஸ்டேட் றோட்டால இறங்கத் தொடங்கினா கிலோமீற்றர் கணக்கில இறக்கம்தான், அதுவும் உதிரிக் கல்லு.

எங்கட ஆக்களிட்டப் பாக்கிற முதல் பழக்கம், சீற்றைப் பதிச்சு வைக்கிறது. சந்தியில நிக்கேக்க ரெண்டு காலும் நிலத்தில படவேணும் எண்டுறதுக்காக. ஊருக்குள்ள கடைக்குப் போய் வர அது பிரச்சினை இல்லை, ஏத்தத்தில மணித்தியாலக் கணக்கா மிதிக்கேக்க முழங்கால் எந்தநேரமும் அளவுக்கு மிஞ்சி மடங்கினபடி இருக்கும், முழங்கால் சில்லுக்குப் பின்பக்கம் அழுத்தம் கூடும், மாடிப்படி இறங்கேக்க நோகும். குதிக்காலைப் பெடலில வைச்சுக் கீழ கொண்டுபோனாக் கால் நேரா வரவேணும், பிறகு முன்பாதத்தில மிதிக்கேக்க மெல்லிய மடிப்பு இருக்கும், அதுதான் அளவு. மாறி முழங்காலுக்குப் பின்பக்கம் நொந்தா சீற் கூட உயந்திட்டுது எண்டு பாருங்கோ. இதோட இன்னொண்டு, ஒரே கியர் சைக்கிள் ஓடிப் பழகின எங்கட கால் பாரமான கியரிலதான் நிக்கும். இலேசான கியரைப் போட்டு நிமிசத்துக்கு 70, 80 தரம் கால் சுத்துறமாதிரி ஏறுங்கோ. முன் பல்லுச்சில்லும் பின்னால இருக்கிற பெரிய பல்லுச்சில்லும் கிட்டத்தட்ட ஒரே அளவில இல்லாத சைக்கிளைக் கொண்டுபோனா அந்த ஏத்தங்களில முழங்கால்தான் கணக்குக் கட்டும்.

இனிச் சின்ன விரல் கதை. இறங்கேக்க உடம்பின்ர பாரம் முன்னுக்குச் சரிஞ்சு முழுக்கக் கையில வந்து நிக்கும், கிறவல் அதிர்வு ஹாண்டில் வழியா உள்ளங்கையின்ர சின்ன விரல் பக்க மேட்டில இடிச்சுக்கொண்டே இருக்கும். அந்த மேட்டுக்குக் கீழாலதான் சின்ன விரலுக்கும் மோதிர விரலின்ர பாதிக்கும் போற நரம்பு போகுது. அது நெரிபட்டா விறைப்பு வரும். அண்டைக்கே போனாப் பரவாயில்லை, நாள்கணக்கில நிண்டாலோ சட்டைப் பொத்தான் பூட்டக் கஷ்டமா இருந்தாலோ வந்து காட்டுங்கோ. தடுக்கிறதுக்குப் பெரிய செலவு ஒண்டும் இல்லை, கையுறை போடுறது, ஹாண்டிலில பிடிக்கிற இடத்தை மாத்திக்கொண்டே இருக்கிறது, முழங்கையைப் பூட்டாமல் மடிச்சு வைக்கிறது.

எல்லாத்திலும் பெரிய குற்றவாளி ரயரில அடிச்சிருக்கிற காத்து. கல்லுமாதிரி அடிச்சாத்தான் கெதியா ஓடும் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு நம்பிக்கை, கடைக்காரத் தம்பியும் அமத்திப் பாத்து இன்னும் ரெண்டு அடி அடிப்பார். 40 மில்லிமீற்றர் அகல ரயர், 70 கிலோ ஆள் எண்டால் 35 பிஎஸ்ஐ (பம்பில காட்டுற காத்தழுத்த அளவு) காணும். 70, 80 அடிச்சா ரயர் கல்லில துள்ளும், பிடிமானம் போகும், அதிர்வு முழுக்க உங்கட கைக்கும் கழுத்துக்கும் நடுமுதுகுக்கும்தான்.

பிரேக்கும் அப்பிடித்தான். இறக்கம் முழுக்க மெல்லமாப் பிடிச்சபடி வாறதை விட, வளைவுக்கு முன்னால வடிவாப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு வளைவுக்குள்ள விட்டு எடுக்கிறது நல்லம். றிம்மில பிடிக்கிற பிரேக் எண்டால் தொடர்ந்து தேய்ச்சு றிம் சூடாகி ரியூப் வெடிக்கவும் கூடும், நனைஞ்ச றிம்மில பிடிக்கவே நேரமெடுக்கும். உதிரிக் கல்லில வளைவுக்குள்ள முன் பிரேக்கைச் சட்டெண்டு பிடிச்சா முன் சில்லு வழுக்கி ஆள் விழுந்தபிறகுதான் விழுந்தது தெரியும்.

ஒக்சிசன் குறைவோ எண்டு கேக்கிறவைக்கு: அந்த உயரத்தில கொஞ்சம் கூட இளைக்கும், அவ்வளவுதான். குளிர்தான் கவனிக்கவேண்டியது. 1000 மீற்றர் ஏறினா வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். ஏறேக்க வேர்த்து நனைஞ்ச சேட்டோட இறக்கத்தில காத்து அடிக்கேக்க விரல் விறைச்சு, பிரேக்கை நினைச்ச நேரத்துக்கு அமத்த ஏலாமல் போகும். உச்சியில நிண்டு ஜக்கெற் போட்டுட்டு இறங்குங்கோ, செல்பி பிறகு எடுக்கலாம். குளிரில தாகமும் தெரியாது, அதுக்காகத் தண்ணி குடிக்காமல் விடாதையுங்கோ.

எஸ்டேட் றோட்டு எண்டுறது முழுக்க வாகனம் இல்லாததும் இல்லை. கொழுந்து ஏத்துற லொறியும் ட்ராக்டரும் வரும், குருட்டு வளைவில அவைக்கும் நீங்கள் வாறது தெரியாது. பீக்கோ டிரெயில் எண்டு கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில இருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல 22 பகுதியாப் போட்டிருக்கிற பாதை முக்கியமா நடக்கிற ஆக்களுக்கானது, ஒடுக்கமான இடங்களில இறங்கி உருட்டுங்கோ, நடக்கிறவைக்கு வழி விடுங்கோ. 2025 நவம்பர் டிட்வா புயலுக்குப் பிறகு மண் சரிஞ்ச இடங்களும் கனக்க. போனில இருக்கிற மப்புக்கு அது தெரியாது, லயத்தில, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில, இருக்கிற அக்காவுக்குத் தெரியும். "தம்பி, அந்தப் பக்கம் போகாதீங்க, பாலம் உடைஞ்சு கெடக்கு" எண்டு கேளாமலே சொல்லுகிற சனம் அது. நாங்கள் தமிழிலயே கேக்கலாம், அந்த வசதியை வைச்சுக்கொண்டும் அவையின்ர வாசலால ஒரு வணக்கம் சொல்லாமல் தூசி கிளப்பிக்கொண்டு போற எங்கட பெடியளைப் பாக்க எனக்குக் கோவம்தான் வரும். குளவிக் கூடு எங்க எண்டும் அவையைக் கேளுங்கோ, தேயிலைக்குள்ள அது விளையாட்டில்லை. கொட்டுப்பட்டு உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ பொறுக்காமல் ஆஸ்பத்திரி.

விழுந்தால், கல்லு உரசின காயத்தை ஓடுற தண்ணியில மண் போகக் கழுவி, ஏற்பு ஊசி எப்ப போட்டது எண்டு பாருங்கோ. 1990 நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், ஆனா பள்ளத்தாக்குகளில சிக்னல் இருக்காது, அதால தனிய போகவேண்டாம். கையை ஊண்டி விழுந்தவை ஒண்டைக் கட்டாயம் பாக்கவேணும். கட்டைவிரலை விரிச்சா அதின்ர அடியில, மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி விழும், அந்தக் குழியை அமத்த நோகுதோ எண்டு பாருங்கோ. அங்க ஒரு சின்ன எலும்பு இருக்கு, அது வெடிச்சாலும் முதல்நாள் எக்ஸ்றேயில தெரியாமல் போகலாம், ரத்த ஓட்டம் குறைஞ்ச எலும்பு எண்டபடியா கவனிக்காமல் விட்டாப் பொருந்தாமலே கிடக்கும். எக்ஸ்றே நோர்மல் எண்டு சொல்லிப்போட்டினம், சும்மா சுளுக்கு எண்டு நல்லெண்ணெய் போட்டு உருவுவிச்சுக்கொண்டு ரெண்டு மாசம் கழிச்சு என்னட்ட வாறவை இருக்கினம். அந்தக் குழியில நோ இருந்தா உருவ வேண்டாம், மணிக்கட்டை அசையாமல் கட்டிக்கொண்டு டொக்டரிட்டப் போய், 10 நாள் 14 நாளில திருப்பி ஒரு எக்ஸ்றே எடுக்கவேணுமோ எண்டு நீங்களே கேளுங்கோ.