சொல் விளக்கம்: அசெம்பிளி மொழியைத் தொகுப்பு மொழி என்னலாமா?

போன வாரம் மெய்ப்புப் பார்க்கச் சொல்லி ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் வரைபடக் கணிப்பானில் நைட்ஓஎஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை ஏற்றி, அதற்கு நிரல் எழுதுவது எப்படி என்று சொல்லும் வழிகாட்டி. மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘தொகுப்பியைக் கொண்டு தொகுப்பு மொழி நிரலைத் தொகுத்து, தொகுப்பாக்கவும்.’ மூன்று தடவை படித்தேன். எதை வைத்து எதைச் செய்து எதை எடுக்கச் சொல்கிறார் என்று, இந்தக் கணிப்பானோடு பல வருடம் பழகிய எனக்கே பிடிபடவில்லை. மொழிபெயர்த்த தம்பியைக் கூப்பிட்டேன். “எல்லாரும் அப்படித்தானே அண்ணே எழுதுறாங்க” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அசெம்பிளி மொழி என்றால் தொகுப்பு மொழி என்று கை தானாக எழுதும் அளவுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் தப்பு என்றுதான் இதை எழுதுகிறேன்.

சொல் எதைக் குறிக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். டிஐ-83 பிளஸ், டிஐ-84 பிளஸ் கணிப்பான்களுக்குள் இருப்பது இசட்80 என்ற செயலி. சைலாக் நிறுவனம் 1976-ல் வெளியிட்டது. அதற்கு எண்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. 21, 40, 45 என்று மூன்று பதினாறடிமான எண்களை (ஒன்பதுக்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளால் எழுதும் ஹெக்ஸ் முறை) வரிசையாகக் கொடுத்தால், தனக்குள் இருக்கும் ஹெச்எல் என்ற சிறு சேமிப்பிடத்தில், அதாவது பதிவகத்தில், 4540 என்ற எண்ணை வைத்துக்கொள்ளும். இதை மனிதர் எழுதும்போது ‘எல்டி ஹெச்எல், 4540’ என்று எழுதுவார். எல்டி என்பது லோட் என்பதன் சுருக்கம். இப்படிச் சுருக்கச் சொற்களால் எழுதுவதுதான் அசெம்பிளி மொழி. அதை எண்களாக மாற்றித் தரும் மென்பொருள் அசெம்பிளர். மேலே 45, 40 இரண்டும் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். எண்ணின் பின்பாதி முன்னால் வர வேண்டும் என்பது இசட்80-ன் வழக்கம். அதையெல்லாம் அசெம்பிளர் பார்த்துக்கொள்ளும்.

வேர்ச்சொல் லத்தீன். ‘சிமுல்’ என்றால் ஒருசேர. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஆட்கள் ஒன்றுகூடுவதற்கும் ஆனது, பாகங்களைச் சேர்த்து ஒரு பொருளாக்குவதற்கும் ஆனது. கணினிக்குள் அது வந்தது இரண்டாவது பொருளில். கேத்லீன் பூத் 1947-ல் ஏஆர்சி கணினிக்காக எழுதியதுதான் முதல் அசெம்பிளி மொழி என்பார்கள். 1949-ல் ஓடத் தொடங்கிய கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் ஓரெழுத்துக் கட்டளைகள் இருந்தன. அந்தக் குழுவைச் சேர்ந்த வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951-ல் எழுதிய நூலில் அசெம்பிளர் என்ற சொல் வருகிறது. ஆனால் அங்கே அதன் பொருள், பல பகுதிகளாக எழுதிய நிரலை ஒரே நிரலாகச் சேர்க்கும் மென்பொருள் என்பது.

தொகுப்பு மொழி என்பவர்களுக்கு இங்கே ஒரு பிடி கிடைக்கும். “பார்த்தீர்களா, பகுதிகளைச் சேர்ப்பதென்றால் தொகுப்பதுதானே?” என்பார்கள். 1951-ல் சரி. அப்புறம் அந்த வேலை லிங்கர் என்ற இணைப்பியிடம் போய்விட்டது. இன்று அசெம்பிளர் என்றால் யாரும் பகுதிகளைச் சேர்க்கும் கருவியை நினைப்பதில்லை. வரிக்கு வரி, சொல்லை எண்ணாக மாற்றும் கருவியைத்தான் நினைக்கிறார்கள். கைவிடப்பட்ட பொருளை வைத்து இன்றைய சொல்லை ஆக்குவது படிப்பவருக்கு உதவாது.

பெரிய சிக்கல் வேறு. தொகுப்பு என்ற சொல் ஏற்கெனவே சுமக்க முடியாத அளவுக்குச் சுமக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையைத் திருத்தப் போனால் ‘தொகு’ என்ற பொத்தானைத்தான் அழுத்துகிறோம். கவிதைத் தொகுப்பு, செய்தித் தொகுப்பு, தரவுத் தொகுப்பு இருக்கின்றன. மென்பொருள் பேக்கேஜைத் தொகுப்பு என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சி போன்ற மொழிகளில் எழுதிய நிரலைச் செயலிக்கான கட்டளைகளாக மாற்றும் கம்பைலரைப் பலரும் தொகுப்பி, தொகுப்பான் என்று எழுதுகிறார்கள். கணினிப் பாடத்தில் மாணவர் முதலில் பிரித்தறிய வேண்டிய இரண்டு கருவிகள் கம்பைலரும் அசெம்பிளரும்தான். இரண்டுக்கும் ஒரே வேரிலிருந்து பெயர் வைத்தால் அவர் எப்படிப் பிரித்தறிவார்?

நைட்ஓஎஸ் விஷயத்தில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. ட்ரூ டிவால்ட் தொடங்கிய அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் முழுக்க இசட்80 அசெம்பிளியில் எழுதப்பட்டது. அதற்கென்றே ஸ்காஸ் என்று ஓர் அசெம்பிளர் இருக்கிறது, இணைப்பியும் அதுவே. சி மொழியில் எழுத விரும்புபவர்களுக்கு கேசிசி என்று ஒரு கம்பைலர் தனியாக இருக்கிறது. எழுதி முடித்த நிரலைப் பேக்கேஜாகக் கட்டித்தான் வெளியிடுவார்கள். ஆக ஒரே மேசையில் அசெம்பிளர், கம்பைலர், பேக்கேஜ், எடிட்டர் நான்கும் அடுத்தடுத்துப் புழங்குகின்றன. நான்கையும் தொகு என்ற ஒரே சொல்லால் சுட்டினால் கிடைப்பது அந்த மூன்றாம் பக்க வரி.

ஒருங்குசேர் மொழி என்று எழுதுகிறவர்களும் உண்டு. கம்பைலரோடு குழம்பாது, அந்த மட்டில் நல்லது. ஆனால் ஒருங்குசேர்ப்பான், ஒருங்குசேர்த்தல், ஒருங்குசேர்க்கப்பட்ட நிரல் என்று போகப் போக வாக்கியம் மூச்சுவாங்குகிறது. பொறிமொழி என்பது தவறு. அது மெஷின் கோடுக்கு உரிய பெயர். 21, 40, 45 என்ற எண்கள்தான் பொறிமொழி. சிப்பைச் சில்லு என்று கொண்டு ஆக்கிய சில்லு மொழி என்ற சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது: சில்லுக்குச் சில்லு இந்த மொழி மாறும். இசட்80-க்கு எழுதியதை, மோட்டோரோலா 68000 செயலி கொண்ட டிஐ-89-ல் ஓட்ட முடியாது. ஆனால் பொறிமொழியும் அப்படித்தானே மாறுகிறது? தவிர, யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் சக்கரம். சைக்கிள் சில்லு என்று வளர்ந்த ஒருவர் சில்லு மொழியை என்னவென்று நினைப்பார்?

சட்டமன்ற மொழி, சபை மொழி என்றும் கண்ணில் படுகிறது. இயந்திர மொழிபெயர்ப்பு அப்படிக் கொடுக்கும். மனிதர் அதைப் படிக்காமல் அப்படியே ஒட்டுகிறார். என் மனக்குறையே இங்கேதான். சொல்லாக்கத்தில் பிழை வருவது இயல்பு. பிறகு திருத்திக்கொள்ளலாம். பொருளையே பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பதை எப்படித் திருத்துவது? ஓர் அசெம்பிளி நிரலை, நான்கே பைட்டாக இருந்தாலும், ஒரு தடவை எழுதி ஓட்டிப் பார்த்தவர் தொகுப்பு என்றும் எழுதமாட்டார், சபை என்றும் எழுதமாட்டார். டிஐ-84 பிளஸ் வைத்திருப்பவர்கள், அதன் சொந்த இயங்குதளத்திலேயே, நிரல் திருத்தியில் அசெம்பிளி நிரல் என்ற அடையாளக் கட்டளையை முதல் வரியில் வைத்து, அடுத்த வரியில் ஈஎஃப் 40 45 சி9 என்று எட்டு எழுத்துகளைத் தட்டி ஓட்டிப் பாருங்கள். 96-க்கு 64 புள்ளிகள் கொண்ட அந்தத் திரை முழுக்கத் துடைத்தாற்போல் வெறுமையாகும். அந்த எட்டு எழுத்தையும் கையால் கணக்கிட்டுத் தட்டியவருக்கு அசெம்பிளர் செய்யும் வேலை என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, என்ன சொல்லலாம்? என் மனம் முதலில் போனது பட்டறைச் சொல்லுக்கு. எஞ்சினைக் கழட்டிப் பூட்டினேன் என்கிறார்கள் மெக்கானிக்குகள். பூட்டுதல்தான் அசெம்பிள், கழற்றுதல் டிஸ்அசெம்பிள். அழகான இணை. ஆனால் பூட்டுமொழி என்றால் யாருக்கும் பூட்டும் சாவியும்தான் நினைவுக்கு வரும். அதிலும் இந்தக் கணிப்பான்களின் கதையில் பூட்டுக்கு வேறு பொருள் உண்டு. நிறுவனம் கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டுமே இவை ஏற்கும். 2009-ல் பெஞ்சமின் மூடி என்பவர் அந்தக் கையொப்பத்துக்கான, டிஐ-83 பிளஸின் 512 பிட் திறவுகோலைத் தன் கணினியிலேயே காரணிப்படுத்திக் கண்டுபிடித்தார். மற்ற மாதிரிகளின் திறவுகோல்களைப் பலர் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். நிறுவனம் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் அனுப்பியது. மின்னணு உரிமைகளுக்கான ஈஎஃப்எஃப் அமைப்பு ஆர்வலர்கள் பக்கம் நின்றது. அந்தப் பூட்டு திறந்ததால்தான் வெளியார் எழுதிய இயங்குதளங்களுக்கு இவற்றில் வழி எளிதானது. இங்கே போய் பூட்டுமொழி என்று எழுதினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

பொருத்துமொழி என்பதே என் தேர்வு. பாகத்தைப் பொருத்துகிறோம், சட்டத்தைப் பொருத்துகிறோம். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டருக்குப் பொருத்துநர் என்று பெயர். அசெம்பிள் என்பதன் பட்டறைப் பொருள் இதில் அப்படியே வருகிறது. அதைவிட முக்கியமானது, பள்ளித் தேர்வில் ‘பொருத்துக’ என்று ஒரு வினா வருமே, அந்தப் பொருத்துதல். இடப்பக்கச் சொல்லுக்கு வலப்பக்கத்தில் ஒரு விடை. அசெம்பிளர் செய்வது இதைத்தான்: எல்டி ஹெச்எல் என்றால் 21, ரிட்டர்ன் என்பதன் சுருக்கமான ரெட் என்றால் சி9. நாம் வைத்த பெயருக்கு நினைவகத்தில் ஒரு முகவரி. கம்பைலர் இப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதில்லை, ஒரு வரியைப் பத்துக் கட்டளையாகவும் விரிக்கும். அதற்கு நிரல்பெயர்ப்பி என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

நைட்ஓஎஸ்ஸில் இந்தப் பொருள் இன்னும் துலங்கும். அது பல நிரல்களை ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்திருக்கும். நம் நிரல் எந்த முகவரியில் போய் உட்காரும் என்று எழுதும்போது தெரியாது. அதனால் முகவரி வரும் இடங்களில் எல்டி என்று எழுதாமல் கேஎல்டி என்று எழுத வேண்டும். அந்தக் கட்டளை முதல் தடவை ஓடும்போது கெர்னல் குறுக்கிட்டு, உண்மையான முகவரியை அந்த இடத்திலேயே எழுதிவிடும். பாதிப் பொருத்தம் மேசையில், மீதிப் பொருத்தம் கணிப்பானுக்குள். இதைத் தொகுப்பு என்று எப்படிச் சொல்வது?

ஆக, அசெம்பிளர் பொருத்தி, டிஸ்அசெம்பிளர் பிரிப்பி, பேக்கேஜுக்குப் பொதி. மனம் ஒப்பாதவர்கள் அசெம்பிளி என்றே எழுதட்டும். தமிழ் எழுத்தில் எழுதிய அசெம்பிளியால் எவருக்கும் தவறான பொருள் போய்ச் சேராது, தொகுப்பு மொழியால் சேரும்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது அரைமணி நேரம் வாதாடினார். முந்தாநாள் திருத்திய வரியை அனுப்பினார்: ‘பொருத்துமொழியில் எழுதியதைப் பொருத்தியில் கொடுத்துப் பொறிமொழியாக்கி, பொதியாகக் கட்டவும்.’ வழிகாட்டியில் இன்னும் 41 இடத்தில் தொகுப்பு இருக்கிறதாம். ஒவ்வொன்றாகப் பார்த்து எது எதுவென்று பிரித்துக்கொண்டிருக்கிறார்.