கிறவலில தேயுறது காபெட் றோட்டிலதான் கழரும்

போன சிறுபோக அறுவடை நேரம் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு ஐயா தன்ர டபிள் கப் பிக்கப்பைக் கொண்டந்து என்ர கராஜில விட்டவர். "தம்பி, முன்னுக்கு டொக் டொக்கெண்டு அடிக்குது, சொக் அப்சோபர் போட்டுதுபோல, சொக்கை மட்டும் மாத்தி விடு, நாளைக்கு விடியவே நெல்லு ஏத்தோணும்" எண்டார். ஜக்கில தூக்கி ரயருக்குக் கீழ அலவாங்கை வைச்சு நெம்பிப் பாத்தன், வலப்பக்க ரயர் கால் அங்குலத்துக்கு மேல எழும்பி டொக்கெண்டு விழுது. சொக்கில ஒரு பிழையும் இல்லை, வீலை வாகனத்தோட பிடிச்சிருக்கிற குண்டு மூட்டு, அந்தக் கீழ் போல் ஜொயின்ற்தான் முழுசாப் போய்க் கிடக்கு, றப்பர் பூட் கிழிஞ்சு உள்ளுக்குள்ள கிறீஸ் இருந்த இடத்தில சிவத்த மண். ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினன். "உந்தச் சத்தம் கனகாலமா இருக்கே, றோட்டுச் சத்தமெண்டெல்லோ நினைச்சனான்" எண்டார். ரண்டு நாளைக்கு முதல்தான் பேரப்பிள்ளையை ஏத்திக்கொண்டு வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏ9 றோட்டால 80இல போய் வந்தவராம். எனக்குக் கையெல்லாம் ஒருக்கா விறைச்சிட்டுது.

இதை எழுதோணுமெண்டு நினைச்சதே அந்த ஐயாவாலதான். சண்டை முடிஞ்சு நாங்கள் வன்னிக்கு மீளக்குடியேறி வந்த 2010 காலத்தில ஏ9 கூட குண்டும் குழியும்தான், உள்றோட்டுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, 20, 30க்கு மேல ஒருத்தரும் ஓடேல்லை. அப்பவும் போல் ஜொயின்ற் கழண்ட வாகனங்கள் கனக்கப் பாத்திருக்கிறன், ஆனா அந்த வேகத்தில கழண்டால் வாகனம் அதிலயே முழங்கால் மடிஞ்ச மாடு மாதிரிக் குந்தியிடும், டிறைவர் இறங்கி நிண்டு ரண்டு தூசணம் சொல்லிப்போட்டு எங்களுக்குக் கோல் எடுப்பார், அவ்வளவுதான். இப்ப ஏ9 வழுவழுவெண்டு தார் போட்ட காபெட் றோட்டு, ஏ35ஆல பரந்தனிலயிருந்து புதுக்குடியிருப்புக்கு அமத்திக்கொண்டு போகலாம், ஏ34ஆல மாங்குளத்திலயிருந்து முல்லைத்தீவுக்கும் அப்பிடித்தான். ஆனா உங்கட வயல், தோட்டம், குளக்கட்டு, கிறவல் அள்ளுற இடம் எல்லாம் இன்னும் பழைய றோட்டிலதான் கிடக்கு. வாகனம் முன்பக்கம் தேயுறது அங்க, தேஞ்ச சாமான் கைவிடுறது இங்க. இரவில மாடு படுத்திருக்குமே விசுவமடுப் பக்கம், அதைக் கண்டிட்டு 80இல பிறேக்கையும் அடிச்சு ஸ்ரேரிங்கையும் வெட்டேக்க முன் ஜொயின்றுகளில வாற பாரம் கிறவலில கெந்திக் கெந்திப் போகேக்க வாறதை விட வேற மாதிரி, ஒரே வெட்டில இழுத்துக் கழட்டும்.

இன்னொண்டு, எங்களிட்ட வாற வாகனம் எல்லாம் வயசு போனது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, 2025 பெப்ரவரியிலதான் திரும்பவும் கார், கப் எல்லாம் விட்டவை, அதுக்குள்ள 2022இல டொலர் ஏறின ஏத்தத்தில சாமான் விலை எங்கயோ போட்டுது. அந்த 5 வருசமும் சனம் இருந்ததை வைச்சு ஓட்டினது, இப்ப புதுசு வருதெண்டாலும் அந்த விலைக்கு ஆர் வாங்கிறது? அதால இஞ்ச ஓடுற ஹைலக்ஸ், டி மெக்ஸ், எல்200, நவாறா எல்லாம் 15, 20 வருசம் தாண்டினது கனக்க. வருசா வருசம் லைசனுக்குப் புகை செக் பண்ணுறம்தானே எண்டு ஒரு அண்ணை கேட்டவர். அதில புகையைத்தான் அண்ணை பாக்கிறது, போல் ஜொயின்ற்ர பூட்டை ஒருத்தரும் குனிஞ்சு பாக்கிறேல்லை.

சரி, எப்பிடிப் பாக்கிறது? முன்பக்கம் ஒரு வீலை மட்டும் தூக்குங்கோ. மண் நிலமெண்டால் ஜக்குக்குக் கீழ பலகை வைக்கோணும், ஸ்ராண்ட் இல்லாட்டி மரக்குத்தியாவது முண்டு குடுக்கோணும், வெறும் ஜக்கை நம்பிக் கீழ தலையை விடாதேங்கோ. வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்கோ. ஆட்டம் இருந்தால் உடன ஜொயின்ற் எண்டு முடிவெடுக்காமல், ஒராளை ஏத்தி பிறேக்கை மிதிக்கச் சொல்லிப்போட்டுத் திரும்ப ஆட்டுங்கோ. ஆட்டம் நிண்டிட்டுதெண்டால் அது வீல் பெயரிங், ஏனெண்டால் பிறேக் பிடிக்கேக்க டிஸ்க்கும் வீலைத் தாங்கிற நக்கிளும் ஒண்டாப் போயிடும். நிக்கேல்லையெண்டால் போல் ஜொயின்ற். ஜக்கை எங்க வைக்கிறதெண்டதும் முக்கியம். ஸ்பிறிங்கோ, முறுகி ஸ்பிறிங் வேலை செய்யிற ரோர்ஷன் பார் கம்பியோ, சேசியையும் வீலையும் இணைக்கிற கீழ் ஆமில பிடிச்சிருந்தால் ஜக்கை கீழ் ஆமுக்குத்தான் வைக்கோணும், அப்பத்தான் பாரம் ஜொயின்ற்ற விட்டு எழும்பி உண்மையான ஆட்டம் தெரியும். சேசியில வைச்சுத் தூக்கினால் ஸ்பிறிங் ஆமைக் கீழ தள்ளி ஜொயின்ற்ற இறுக்கிப் பிடிச்சுக்கொண்டே இருக்கும், செத்துப்போன ஜொயின்ற் கூட புதுசு மாதிரி நடிக்கும். "போன மாசம் வேற இடத்தில பாத்தது, ஒண்டுமில்லை எண்டவை" எண்டு கொண்டு வாற வாகனம் அரைவாசி இந்தக் கதைதான்.

பக்கவாட்டில ஆட்டிப் பாக்கிறது ரை ரொட்டுக்கு, ஸ்ரேரிங்கைத் திருப்ப வீலை இழுத்துத் திருப்புற கம்பி அது. ஆனா அதைத் தூக்கிப் பாக்கிறதை விட வாகனம் நிலத்தில நிக்கேக்க, எஞ்சினை ஸ்ராட்டில விட்டு, ஒராள் ஸ்ரேரிங்கை இப்பிடியும் அப்பிடியும் ஒரு சாண் அளவு ஆட்ட, நீங்கள் ரை ரொட் எண்டில விரலை வைச்சுப் பாக்கிறதுதான் திறம். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பழைய மொடல் கப்புகளில ஸ்ரேரிங் பொக்ஸ்தான், அதில ஐட்லர் ஆம் எண்டு ஒண்டு மற்றப்பக்கம் இருக்கும், அதை ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்லை. அது தேஞ்சால் ஸ்ரேரிங் நேராப் பிடிக்கேக்கயே வாகனம் றோட்டில மேயும். அதுக்குச் சில பேர் என்ன செய்யினமெண்டால் பொக்ஸுக்கு மேல இருக்கிற அஜஸ்ற் நட்டை இறுக்கி விடுகினம். ஆட்டம் குறைஞ்ச மாதிரித்தான் இருக்கும், ஆனா வளைவில திருப்பினால் ஸ்ரேரிங் தானாத் திரும்பி வராது, பிடிச்ச இடத்திலயே நிக்கும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டுப் போனாலும் அதுக்கு உத்தரவாதம் இல்லை.

நான் விடாத பிழையோ? தொடக்கத்தில ஒரு வாகனம் வந்தது, முன் ரயர் ரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டை. நான் அலைன்மென்ட் செய்து புது ரயரும் போடுவிச்சு அனுப்பினன், ஒரு மாசத்துக்குள்ள அந்தப் புது ரயரும் அதே மாதிரி வழிச்சுக்கொண்டு வந்து நிண்டது. கீழ் ஆமைச் சேசியில பிடிக்கிற இடத்து றப்பர் புஷ் போயிருந்ததை நான் பாக்கேல்லை, புஷ் லூசாயிருக்கேக்க அலைன்மென்ட் செய்யிறது ஓட்டை வாளியில தண்ணி அளக்கிற மாதிரி, நிக்கேக்க ஒரு அளவு, ஓடேக்க வேற அளவு. ரயர்க் காசில பாதி நான்தான் குடுத்தனான். பிறகு புஷ் மாத்தினன், அதுவும் 3 மாசத்தில கிழிஞ்சிட்டுது. எனக்கு வேலை பழக்கின பாஸ் யாழ்ப்பாணத்தில இருந்தவர், அவரிட்டக் கேக்கத்தான் "வாகனம் தொங்கேக்கயே போல்ட்டை இறுக்கினியோடா?" எண்டு ஒரு கேள்விதான் கேட்டவர். றப்பர் புஷ் போல்ட்டை, வாகனம் நாலு ரயரிலயும் தன்ர பாரத்தில நிக்கேக்கதான் கடைசி இறுக்கு இறுக்கோணும். தொங்கேக்க இறுக்கினால் கீழ இறக்கின உடன றப்பர் முறுகி, நெடுகலும் முறுகினபடியே ஓடிக் கிழியும். இண்டைக்கும் கராஜில பெடியளுக்கு நான் முதல் சொல்லிக் குடுக்கிறது இதைத்தான்.

இப்ப பெடியள் செய்யிற சோடினைக்கு வருவம். ரோர்ஷன் பாரை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்குறது, பெரிய ரயர் போடுறது, இடையில ஸ்பேசர் எண்ட தடிச்ச வளையம் வைச்சு வீலை வெளிய தள்ளுறது. பாக்க வடிவுதான், நானும் இல்லையெண்டேல்லை. ஆனா வீல் வெளிய போகப் போக நெம்புகோல் நீளுற மாதிரி, பெயரிங்குக்கும் போல் ஜொயின்றுக்கும் ரை ரொட்டுக்கும் அடி கூடும். முறுக்கித் தூக்கின வாகனத்தில ஆம் கீழ வளைஞ்சு நிக்கிறதால போல் ஜொயின்ற் எப்பவும் சரிஞ்சபடிதான் வேலை செய்யும், அச்சில இருக்கிற றப்பர் பூட்டும் கெதியாக் கிழியும், பள்ளத்தில விழேக்க கீழ இறங்க இடமில்லாமல் டங்கெண்டு அடிக்கும். தூக்கினால் அலைன்மென்ட்டாவது செய்யுங்கோ எண்டால் "பிறகு பாப்பம் அண்ணை" எண்டு போறது, பிறகு ரயர் முடிஞ்சாப்பிறகுதான் முகம் காட்டுறது. மற்றப்பக்கம் பின்னால பாரம். மூட்டை 70 கிலோ எண்டு வைச்சாலே 20 மூட்டை 1400 கிலோ, டபிள் கப் ஏத்தக்கூடியது கிட்டமுட்ட ஒரு தொன், சிலது அதுக்கும் குறைவு. பின்பக்கம் குந்த முன்பக்கம் எழும்பி ஸ்ரேரிங் பஞ்சு மாதிரி லேசாப் போகும். அதை "ஸ்ரேரிங் நல்ல சொஃப்ற்" எண்டு சந்தோசப்படுற ஆக்களும் இருக்கினம்.

கண்ணிவெடி அகற்றுற வேலைக்கு ஓடின லாண்ட் குறூசர் மாதிரி முன்னுக்கும் முழு அச்சு உள்ள வாகனங்களில கதை வேற. அதில 60, 70இல போகேக்க ஒரு மேட்டில ஏறி இறங்கினால் ஸ்ரேரிங் பிடிச்சு உதறத் தொடங்கும், காய்ச்சல்காரன்ர நடுக்கம் மாதிரி நிக்காது. அப்ப பிறேக்கை அடிச்சு மிதிக்காமல், அக்சிலேற்றரில காலை எடுத்து, ஸ்ரேரிங்கை இறுக்கமா ஆனா மல்லுக்கட்டாமல் பிடிச்சு வேகத்தை விழ விடுங்கோ. கன பேர் உதறலை அமத்திற ஸ்ரேரிங் டம்பரை மாத்திப்போட்டு உதறல் நிண்டிட்டுது எண்டு போறவை. அது சுகமாக்கேல்லை, மூடிக் கட்டினது. நக்கிளுக்குள்ள இருக்கிற மேல் கீழ் பெயரிங் லூசோ, குறுக்க போற பனார்ட் ரொட் புஷ் போட்டுதோ, ரயர் பலன்ஸ் சரியோ எண்டு பாத்தால்தான் வேர் பிடிபடும்.

சாமான் விசயத்தில ஒண்டு சொல்லிப்போட்டு விடுறன். கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய வாகனத்தில கழட்டின ஆம் வாங்கிறது பிழையில்லை, இரும்பு இரும்புதான், ஆனா பாவிச்ச போல் ஜொயின்ற்றும் ரை ரொட் எண்டும் வாங்காதேங்கோ, உங்களுக்கு முதல் ஒராள் தேச்சு முடிச்சதைக் காசு குடுத்து வாங்கிற கதை. ரை ரொட்டை வெல்டிங் பிடிச்சுத் தாங்கோ எண்டு வந்தால் நான் செய்யமாட்டன், கோவிச்சுக்கொண்டு போனாலும் பரவாயில்லை. புதுசு பூட்டேக்க நட்டுக் கழராமல் ஸ்பிளிற் பின் போட்டிருக்கோ எண்டு நீங்களே குனிஞ்சு பாருங்கோ, அந்தச் சின்னக் கம்பித் துண்டு இல்லாமல் வந்த வாகனம் நான் கண்டிருக்கிறன். நந்திக்கடல் பக்கம், வட்டுவாகலால ஓடுற ஆக்கள் ரை ரொட் அஜஸ்ற் நட்டுக்கு வருசத்துக்கு ஒருக்காவது எண்ணெய் காட்டுங்கோ, உப்புக் காத்தில அது ஒட்டிப்போனால் அலைன்மென்ட்டுக்கு வந்து நிக்கேக்க வெட்டித்தான் எடுக்கோணும், ஒரு மணித்தியால வேலை ஒரு நாளாகும்.

அந்த ஐயான்ர வாகனத்தை அண்டைக்கு விடேல்லை. ரண்டு பக்கமும் கீழ் ஜொயின்ற் கொழும்பிலயிருந்து பஸ்ஸில வந்து சேர மூண்டு நாள், அதுவரைக்கும் நெல்லு பக்கத்து வீட்டு ட்ரக்டரிலதான் போனது, ஐயா என்னோட கதைக்கவும் இல்லை. இப்ப மாசத்துக்கு ஒருக்கா அவரே அலவாங்கைக் கொண்டு போய் நெம்பிப் பாக்கிறாராம், மகன் சொன்னவன். பழைய ஜொயின்ற் என்ர மேசையில கிடக்கு, வாறாக்களிட்ட எடுத்துக் குடுத்து ஆட்டிப் பாக்கச் சொல்லுறனான். நீங்களும் மாரிக்கு முதல் ஒருக்காக் கொண்டாங்கோ, ஆனா வரேக்க கீழ்ப்பக்கத்துச் சேத்தைக் கழுவிப்போட்டுக் கொண்டாங்கோ, சேத்துக்குள்ள பூட் கிழிஞ்சிருக்கோ இல்லையோ எண்டு எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது.