படியாத சேற்றை வடிகட்டு

கழிவுநீரில் உள்ள அழுக்கைத் தின்பது பாக்டீரியாவுக்குப் பெரிய வேலையே இல்லை. தொட்டிக்கு அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். தலைவலியெல்லாம் அதற்கு அப்புறம்தான்: தின்று பெருகிய பாக்டீரியாவைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது எப்படி?

வழக்கமான நிலையங்களில் இந்த வேலை புவியீர்ப்புக்கு. பாக்டீரியா ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, படிவுத் தொட்டியின் அடியில் சேறாக உட்கார வேண்டும். தெளிந்த நீர் மேலே வழியும். இழை இழையாக நீளும் வகைகள் பெருகிவிட்டால் சேறு உட்காரவே உட்காராது, நீரோடு சேர்ந்து வெளியே போய்விடும். அந்தப் பயத்தில்தான் லிட்டருக்குச் சுமார் 2 முதல் 4 கிராம் சேற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மெம்பிரேன் பயோரியாக்டர், சுருக்கமாக எம்.பி.ஆர்., படியும்வரை காத்திருப்பதில்லை, வடிகட்டிவிடுகிறது. சேமியா கனத்தில் உள்ளே வெற்றிடமான ஆயிரக்கணக்கான குழல்கள் சேற்றுக்குள் தொங்கும். அவற்றின் சுவர்தான் சவ்வு, அதாவது மெம்பிரேன். அதில் உள்ள துளைகள் 0.04 மைக்ரான் அளவுக்குச் சிறியவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாக்டீரியாவோ பொதுவாக 0.5 மைக்ரானுக்கு மேல். பம்ப் லேசாக உறிஞ்சினால் தண்ணீர் மட்டும் குழலுக்குள் வரும். கரைந்த உப்பும் கூடவே வந்துவிடும், அதை இந்தச் சவ்வு தடுக்காது. முதலில் சவ்வைத் தொட்டிக்கு வெளியே வைத்து, சேற்றை அழுத்தத்தோடு அதன் வழியே சுற்றவிட்டார்கள். மின்சாரம் ஏகமாகச் செலவானது. சவ்வைத் தொட்டிக்குள்ளேயே முக்கிவிடும் வழியை 1989-இல் டோக்கியோவில் யாமமோட்டோ குழு காட்டியது.

சேறு படிய வேண்டிய கட்டாயம் போனதும் லிட்டருக்கு 8 கிராமுக்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். அதாவது அதே தொட்டிக்குள் இரண்டு மூன்று மடங்கு தொழிலாளர்கள்! ஸ்டாக்ஹோமின் ஹென்ரிக்ஸ்டால் நிலையத்துக்கு இதுதான் தேவைப்பட்டது. 1941-இல் திறந்த அந்த நிலையம் பாறையைக் குடைந்து கட்டியது, மேலே குடியிருப்புகள். நகரம் வளர்கிறது, பால்டிக் கடலுக்குப் போகும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் குறைத்தாக வேண்டும், நகரின் இன்னொரு கழிவுநீர் நிலையமான புரோம்மாவை மூடிவிட்டு அதன் கழிவுநீரையும் இங்கே கொண்டுவரத் திட்டம். பாறையை மேலும் குடைந்துகொண்டே போவதை விட, இருக்கிற தொட்டிகளில் சவ்வைப் பொருத்துவது மேல் என்று முடிவெடுத்தார்கள்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எல்லா ஊரிலும் வைக்கலாமே? வைக்கலாம், கரண்ட் பில் கட்ட முடிந்தால். பாக்டீரியா சுரக்கும் பிசின் போன்ற பொருள் துளைகளை அடைக்கும். அதை உதிர்க்க, குழல்களுக்கு அடியில் பெரிய காற்றுக்குமிழ்களை விட வேண்டும். பாக்டீரியா மூச்சுவிட ஊதும் காற்று வேறு, இது வேறு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறிஞ்சுவதை நிறுத்தி இளைப்பாற விடுவார்கள். அதற்கும் அசையாத படலத்தைக் கரைக்க சோடியம் ஹைப்போகுளோரைட், உப்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம்.

ஆனால் தலைமுடிக்கு இவை எதுவும் செல்லாது. குளியலறையிலிருந்து வரும் முடி குழல்களைச் சுற்றிச் சடையாகப் பின்னிக்கொண்டால், குழல் தொகுதியை வெளியே தூக்கி ஆட்கள் கையால்தான் பிய்த்தெடுக்க வேண்டும். அதனால் எம்.பி.ஆர். நிலையங்களின் வாசலில் 1 முதல் 3 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடை வைக்கிறார்கள். கட்டும் செலவைக் குறைக்கக் கை வைக்கக் கூடாத இடம் அதுதான்.