சிம்னிக்குள்ள ஏறின பசங்க, வளர்ந்தப்புறம் வந்த கேன்சர்

சார்லஸ் டிக்கன்ஸோட ஆலிவர் ட்விஸ்ட் நாவல்ல காம்ஃபீல்டுனு ஒரு சிம்னி க்ளீன் பண்ற ஆளு வருவான். பையன் உள்ள சிக்கிட்டா கீழ ஈர வைக்கோலைக் கொளுத்தக் கூடாதாம், வெறும் புகைதான் வரும், பய தூங்கிடுவானாம், நல்லா தீ எரியவிட்டு உள்ளங்கால் சுட்டாதான் துடிச்சு இறங்குவானாம், அதை இரக்கம்னு வேற சொல்லுவான். ஆலிவரை வெச்சிருக்கற ஏழைகள் விடுதி நிர்வாகம் இதைக் கேட்டுட்டு என்ன பண்ணுது? மோசமான வேலையாச்சேனு, பையனைக் கூட்டிட்டுப் போறவனுக்குத் தர்றதா சொன்ன 5 பவுண்டை 3 பவுண்டு 10 ஷில்லிங்காக் குறைக்குது. எனக்கு காம்ஃபீல்டை விட இந்தப் பேரம்தான் வயித்தெரிச்சல்.

பெரிய ஆளு ஏன் ஏறலனா, உள்ள போக முடியாது. நிலக்கரி எரிக்கிற வீட்டுப் புகைக்குழாய் நிறைய இடத்துல 14க்கு 9 இன்ச்தான், சிலது 9க்கு 9, நடுவுல வளைவு வேற. முட்டியையும் முழங்கையையும் சுவத்துல ஊணி ஊணி ஏறணும், பிரஷ் தலைக்கு மேல, சுரண்டுற கரி எல்லாம் உடம்பு மேலயே கொட்டும். தோல் காய்ச்சிப் போகட்டும்னு முட்டில உப்புத்தண்ணி தேய்ப்பாங்க. துணி மாட்டிக்கும்னு பல பேர் அம்மணமாவே ஏறினாங்க, ராத்திரி தூங்குறதும் கரி மூட்டைங்களுக்கு நடுவுலதான்.

நிலக்கரி அரைகுறையா எரியும்போது பென்சோபைரீன் மாதிரி கேன்சர் வரவைக்கிற பொருளுங்க உருவாகி கரித்தூள்ல ஒட்டிக்கும். இது தண்ணில கரையாது, கொழுப்புல கரையும், அதனால தோலோட எண்ணெய்ப் பசை வழியா உள்ள இறங்கிடும். செல்லுல இருக்கற என்சைம் இதை வெளியேத்தலாம்னு ஆக்சிஜனைச் சேர்த்து மாத்தப் பாக்கும், அங்கதான் வினையே, மாறின வடிவம் நேரா டிஎன்ஏல போய் ஒட்டிக்குது, அடுத்த தடவை செல் பிரியும்போது காப்பி தப்பாகுது. கேன்சராக ஒரு தப்பு போதாது, பல தப்பு சேரணும், அதுக்கு வருஷக்கணக்காகும். வியர்வையோட வழிஞ்ச கரி விதைப்பையோட மடிப்புல போய் தங்கும், அங்க தோலும் மெல்லிசு, கேன்சர் வந்ததும் அங்கதான். லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட் 1775லயே இது கரியால வர்ற நோய்னு எழுதிட்டாரு, அதுக்கு முன்னாடி பால்வினை நோய்னு நெனச்சுட்டு இருந்தாங்க. கரியில இருக்கற பென்சோபைரீனைப் பிரிச்சுக் காட்ட 1933 ஆச்சு, அதுவும் நிலக்கரித் தார்லேருந்து.

சின்ன வயசுல ஏறினா நோய் வர்றது பெரும்பாலும் ஆளானப்புறம்தான். அதனாலயோ என்னவோ நாவல்கள்ல பையனோட அழுகை இருக்கு, கேன்சர் இல்ல. 1863ல வந்த சார்லஸ் கிங்ஸ்லியோட வாட்டர் பேபிஸ்ல சிம்னி ஏறுற பையன் டாம் ஆத்துல இறங்கினதும் கரி மொத்தமாப் போயிடும்! கதைக்கு சரி.

இங்கிலாந்துல சட்டத்துக்கும் குறைச்சல் இல்ல. 21 வயசுக்குக் கீழ யாரும் ஏறக்கூடாதுனு 1840லயே போட்டாச்சு, கம்பு கோத்த பிரஷ் மெஷின் 1803லேருந்தே இருக்கு, ஆனா யாரும் கண்டுக்கல, வளைஞ்ச சிம்னிக்கு மெஷின் சரிப்படாதுனு வீட்டுக்காரங்களே பையனைக் கேட்டாங்க. 1864ல இன்னொரு சட்டம், அதுவும் புஸ்ஸு. 1875ல ஜார்ஜ் ப்ரூஸ்டர்ங்கற பையன் கேம்பிரிட்ஜ் பக்கத்துல ஒரு மனநல ஆஸ்பத்திரி சிம்னில சிக்கி செத்தப்புறம்தான் சிம்னி க்ளீன் பண்றவங்களுக்குப் போலீஸ் லைசென்ஸ் கட்டாயமாச்சு, ஏறுறதும் நின்னுச்சு.

கேன்சர் மட்டும் உடனே நிக்கல. 1892ல ஹென்ரி பட்லின்ங்கற சர்ஜன், இங்கிலாந்துல இவ்ளோ கேஸ் வருதே, ஜெர்மனில ஏன் ரொம்பக் கம்மினு தேடினாரு. அங்க வேலை செய்றவங்க கழுத்துலேருந்து கால் வரைக்கும் இறுக்கமா மூடுன டிரஸ் போட்டுக்கிட்டாங்க, தினமும் வேலை முடிச்சு உடம்பு முழுக்கக் கழுவினாங்க.