டிரையர் ஹீட்டரில் ஒரு பச்சை ஒயர்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லாண்டரி. லாட்ஜ் பெட்ஷீட், டவல் எல்லாம் மொத்தமாக வந்து வெளுக்கிற இடம். மழைக்காலத்தில் மொட்டைமாடிக் கொடியை நம்ப முடியாது என்று பின்பக்கம் ஓர் உலர்த்தும் அறை போட்டிருந்தார்கள். காற்றுக் குழாய்க்குள் (டக்ட்) பொருத்திய 18 கிலோவாட் ஹீட்டர், அதற்குக் காற்றுத் தள்ள பெல்ட்டில் ஓடும் 3 எச்.பி. பிளோயர். ஒருநாள் காலையில் போன். "ஹீட்டர் பக்கம் கருகின வாடை வருதுண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

நான் போய்ச் சேர்வதற்குள் மெயினை அணைத்திருந்தார்கள். டக்ட்டின் மேல் பெயின்ட் பொரிந்து உரிந்திருந்தது. ஹீட்டரின் டெர்மினல் பெட்டிக்குள் பி.வி.சி. ஒயரின் மேல்தோல் உருகி வழிந்திருந்தது. பிளோயர் கூண்டைத் திறந்தால் பெல்ட் அறுந்து கீழே கிடக்கிறது. மோட்டார் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. காற்றாடிதான் சுற்றவில்லை. காற்றே இல்லாமல் ஹீட்டர் எவ்வளவு நேரம் கொதித்ததோ தெரியாது. துணிப் பஞ்சு பற்றாமல் விட்டது அவர்கள் செய்த புண்ணியம்.

சரி, இப்படி ஆனால் அணைக்கத்தானே அதிவெப்ப கட்-அவுட் என்று ஒன்று இருக்கிறது? இருந்தது. அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே இரண்டு அங்குலப் பச்சை ஒயர் ஒன்று அழகாக முறுக்கப்பட்டிருந்தது. பச்சை என்றால் எர்த் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். கையில் கிடைத்த துண்டை வைத்து, கட்-அவுட்டைத் தாண்டிக் கரண்ட் போகிற மாதிரி ஜம்பர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார் யாரோ. முதலாளியைக் கேட்டேன். "அது தினம் டிரிப் ஆவுதுண்ணா. ரீசெட் பண்ண ஏணி போட்டு ஏறணும். அதான் போன வருஷம் வந்தவரு எடுத்து விட்டாரு."

எனக்கு அந்த ஒயரைவிட அந்த 'தினம்' என்ற சொல்தான் உறுத்தியது. கட்-அவுட் சும்மா டிரிப் ஆகாது. கொஞ்சம் விசாரித்ததில் காரணம் ஒன்றல்ல, மூன்று என்று தெரிந்தது.

முதலாவது, ஃபில்டர். துணிப் பஞ்சு படிந்து கம்பளி மாதிரி ஆகிவிட்டிருந்தது. காற்று பாதிதான் வந்திருக்கும். இரண்டாவது, அணைக்கும் முறை. சாயங்காலம் ஒரே சுவிட்சில் ஹீட்டரையும் பிளோயரையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போவார்களாம். ஹீட்டர் கம்பியில் தங்கிய சூடு எங்கே போகும்? அப்படியே மேலே ஏறிக் கட்-அவுட்டைச் சுடும். கரண்ட் போனாலும் இதே கதைதான். மூன்றாவது காரணம் கொஞ்சம் ரசமானது. ஜம்பர் அடித்ததற்குச் சில வாரங்கள் முன்னால் தெருவோர மின் பெட்டியான பில்லர் பாக்ஸ் பழுதாகி இ.பி. ஆட்கள் கேபிளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்டது. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது.

சுவரில் மாட்டுகிற சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் தலைகீழாகச் சுற்றினால் காற்று எதிர்ப்பக்கம் வீசும், உடனே கண்டுபிடித்துவிடலாம். நத்தைக்கூடு மாதிரி இருக்கும் பிளோயர் அப்படி இல்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் அதே வாயில்தான் காற்று வரும், அளவுதான் வெகுவாகக் குறைந்துவிடும். கையை வைத்துப் பார்க்கிறவர் "காத்து வருதே" என்பார். ஆகவே பிளோயர் மேல் அம்புக்குறி போட்டிருக்கும் திசையைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும். இ.பி. வேலை நடந்த பிறகும், புது ஜெனரேட்டர் இணைத்த பிறகும் மறுபடி ஒருமுறை. ஃபேஸ் வரிசை மாறினாலோ ஒரு ஃபேஸ் போனாலோ துண்டிக்கும் ரிலே ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. ஒரு ஃபேஸ் போய் இரண்டில் ஓடும் மோட்டார் கிட்டத்தட்ட 1.7 மடங்கு ஆம்பியர் இழுக்கும், அப்புறம் காயில் வெந்துதான் நிற்கும்.

இந்த மாதிரி இடங்களில் வயரிங் செய்கிறவர்கள் ஹீட்டரை ஒரு லோடாகவும் பிளோயரை இன்னொரு லோடாகவும் பார்க்கிறார்கள். கரண்ட் அதிகமானால் விழும் எம்.சி.பி. ஆளுக்கு ஒன்று, காயிலுக்குக் கரண்ட் வந்தால் ஒட்டி லோடை ஓட்டும், நின்றால் விழுந்து அணைக்கும் காண்டாக்டர் ஆளுக்கு ஒன்று, வேலை முடிந்தது. காற்று இல்லாமல் ஹீட்டர் இல்லை என்பதை ஒயரே சொல்ல வேண்டும். அத்திப்பட்டில் நிற்கும் வட சென்னை அனல்மின் நிலையத்தில் கொதிகலனைப் பற்றவைக்கும் முன்பு விசிறிகளை ஓட்டி உலையைக் காற்றால் சுத்தம் செய்வார்கள். ஓடும்போது விசிறிகள் நின்றுபோனால் எரிபொருள் தானாக அறுபடும். 18 கிலோவாட் டிரையருக்கும் அதே முறைதான். அளவுதான் சின்னது.

நான் திரும்பப் போட்டுக் கொடுத்த வயரிங் இது. ஹீட்டர் காண்டாக்டரின் காயிலுக்குப் போகும் ஃபேஸ் ஒரே வரிசையில் நாலு இடம் தாண்டிப் போகிறது: பிளோயர் காண்டாக்டரோடு சேர்ந்து ஒட்டும் துணை காண்டாக்ட், காற்றோட்ட சுவிட்ச், கையால் ரீசெட் செய்யும் அதிவெப்ப கட்-அவுட், கடைசியில் தெர்மோஸ்டாட். இதில் எது இணைப்பை விட்டாலும் ஹீட்டர் அணைந்துவிடும். துணை காண்டாக்ட் மட்டும் போதாதா என்று வயர்மேன் தம்பி கேட்டான். காண்டாக்டர் ஒட்டியிருக்கிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது என்றுதான் அர்த்தம், காற்று ஓடுகிறது என்று இல்லை. அறுந்த பெல்ட் அதற்குத் தெரியாது. டக்ட்டில் அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கும் காற்றோட்ட சுவிட்சுக்குத்தான் தெரியும்.

அதோடு, ஹீட்டரை அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் பிளோயர் ஓட ஒரு டைமர். இன்னொன்றும் செய்தேன். காண்டாக்டரின் முனைகளே சில சமயம் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அப்போது காயிலுக்குக் கரண்ட் நின்றாலும் ஹீட்டருக்கு நிற்காது, தெர்மோஸ்டாட் கதறினாலும் கேட்காது. அதனால் இரண்டாவதாக ஒரு காண்டாக்டர் தொடரில் வைத்து, கட்-அவுட்டும் காற்றோட்ட சுவிட்சும் அதையும் விழச் செய்கிற மாதிரி இணைத்தேன். முதலாளிக்குச் செலவு உறுத்தியது. உருகின ஒயரைக் காட்டினேன், பேசவில்லை.

அந்த ஒயர் உருகியதற்குக் காற்று நின்றது மட்டும் காரணமில்லை. 18 கிலோவாட்டுக்கு 415 வோல்ட் மூன்று ஃபேஸில் சுமார் 25 ஆம்பியர் வரும். சாதாரண பி.வி.சி. தாங்குவது 70 டிகிரி. ஆம்பியர் அட்டவணையோ சுற்றுச்சூடு 40 டிகிரி என்று வைத்துப் போட்டது. உலர்த்தும் அறையின் பின்புறம் 50 டிகிரி இருந்தால் அந்த ஒயரின் தாங்குதிறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஹீட்டர் முனைக்கு வரும் கடைசித் துண்டு சிலிக்கான் ரப்பராக இருக்க வேண்டும். அது 180 டிகிரி வரை தாங்கும். ஸ்க்ரூவும் லூஸ். பிரி பிரியாக ஒயரை முறுக்கி வாஷருக்கு அடியில் செருகியிருந்தார்கள், ஒயர் முனையில் அழுத்திப் போடும் லக் இல்லை. 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 25 ஆம்பியரில் அந்த ஒற்றை ஸ்க்ரூவில் 62 வாட் சூடு. இரண்டரை சால்டரிங் அயர்னை அங்கேயே வைத்து அழுத்தின மாதிரி.

காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரம் செய்துவிடும். ஒரு வருஷத்தில் செம்பு முனையில் பச்சைக் களிம்பு கட்டும். ஈயம் பூசிய லக், கிரிம்ப் டூலில் சரியாக அழுத்தினது, கேபிள் நுழைகிற இடத்தில் இறுக்கமான கிளாண்ட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்க்ரூ இறுக்கம். இதற்குமேல் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

வெள்ளம் வந்தால் வேறு பிரச்சினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு, தண்ணீர் ஏறிய பேனல்களைத் துடைத்து வெயிலில் காட்டி ஆன் செய்தவர்கள் நிறைய. ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் சில வாரம் சும்மா கிடந்தால்கூட உறிஞ்சும். வெளியே காய்ந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது. இன்சுலேஷன் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்து ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கழற்றி மிதமான சூட்டில் உலர்த்தி, திரும்ப அளந்து பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். நம் ஆட்களோ, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்று ஆர்.சி.சி.பி.யையே கழற்றுவார்கள். பெரிய ஹீட்டர் வரிசையில் இயல்பான கசிவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைத் தொந்தரவு செய்யலாம் என்பது உண்மைதான். அதற்கு வழி, ஹீட்டருக்குத் தனியாக 100 மில்லி ஆம்பியர், கை படும் பிளக்குகளுக்கு 30. எர்த்தும் உருப்படியாக இருக்க வேண்டும்.

காற்றாடி நின்றால்தான் ஆபத்து என்றில்லை, நேரம் தெரியாமல் ஓடினாலும் ஆபத்துதான். மண்ணடியில் ஒரு பிரியாணிக் கடை. எக்ஸாஸ்ட் மோட்டார் நாலாவது மாடியில், சுவிட்ச் தரைத்தளத்தில். மேலே பையன் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருக்க, கீழே புகை மண்டுகிறதே என்று மாஸ்டர் சுவிட்சைப் போட்டுவிட்டார். கை ஃபேனுக்குள் இல்லாததால் சட்டைக் கையோடு போயிற்று. மோட்டார் பக்கத்திலேயே, கரண்டைத் துண்டித்துப் பூட்டுப் போடக்கூடிய ஐசோலேட்டர் சுவிட்ச் ஒன்று வைத்தேன். "சாவி யார்கிட்ட இருக்கணும் பாய்?" என்றேன். "மேல ஏறுறவன் பாக்கெட்ல" என்றார்.

லாண்டரி வேலை முடிந்து பில் கொடுக்கும் முன், முதலாளியையே பக்கத்தில் நிற்க வைத்தேன். ஹீட்டர் ஓடும்போது காற்று உள்ளே போகும் வாயை ஒரு அட்டையால் மூடினேன். இரண்டு விநாடி. பேனலுக்குள் 'டக்' என்று காண்டாக்டர் விழுந்தது. அட்டையை எடுத்ததும் திரும்ப ஒட்டியது. "இந்தச் சத்தம் வராம யாராவது வேலை முடிஞ்சுதுன்னு சொன்னா காசு குடுக்காதீங்க, நானா இருந்தாலும்" என்றேன். அவர் அட்டையை என்னிடம் வாங்கி, தானே இன்னொரு தடவை மூடிப் பார்த்தார்.