போட்டோகாரர் வருகிறார் என்று வீட்டை ஒளித்து வைக்காதீர்கள்

"அண்ணே, ஹாலுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கல. ஒரு மாசம் தள்ளி வச்சுக்கலாமா?"

வீட்டிலேயே குடும்பப் போட்டோ எடுக்க நாள் குறித்தவர்களிடமிருந்து முந்தின நாள் ராத்திரி எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பெயிண்ட் இல்லையென்றால் சோபா உறை, அதுவும் இல்லையென்றால் கர்ட்டன். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் உண்மையாகவே இரண்டு மாதம் தள்ளிவைத்து, ஹாலுக்குக் கிளிப்பச்சையில் புது பெயிண்ட் அடித்துவிட்டுக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அறை ஜோராகத்தான் இருக்கிறது, கேமராவில் மட்டும் ஆளுக்கு ஆள் கன்னம் பச்சை. ஜன்னல் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி முகத்தில் விழுந்தால் பச்சையாகத்தானே விழும்? அதுவும் சுவர்ப் பக்கத்துக் கன்னம் மட்டும் பச்சை, மற்ற கன்னம் சொந்த நிறம் என்றால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்வதற்குள் கண் பூத்துப்போகும். கடைசியில் அடுக்களைக்குப் பின்னால், யாரும் பெயிண்ட் அடிக்க நினைக்காத பழைய சுண்ணாம்புச் சுவரோரம், அம்மி கிடந்த இடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து எடுத்தோம். செலவு செய்த அண்ணாச்சிக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

அதனால் இனி நாள் குறிக்கிறவர்களுக்குச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி போட்டோவுக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், செய்யாமல் விட வேண்டியதுதான் நிறைய.

வீடு முழுக்க ஒதுக்கி முடித்துக் களைத்துப்போய் நிற்காதீர்கள். எனக்கு வேண்டியது நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல், அதன் முன்னால் பாய் விரிக்கிற அளவு இடம். அவ்வளவுதான். எந்த ஜன்னல் என்று நீங்களே முந்தின நாள் பார்த்து வைக்கலாம்: உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள், கைரேகையின் நிழல் எங்கே மென்மையாகத் தெரிகிறதோ அங்கே முகமும் நன்றாக வரும். அந்த இடத்தில் இருக்கும் மருந்துக் கவர், சார்ஜர் வயர், காய்ந்த துணி, இவற்றை மட்டும் பக்கத்து அறைக் கட்டிலில் போட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். நான் அந்தக் கதவைத் திறக்க மாட்டேன்.

பழைய ஓட்டு வீடு உள்ளவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, "தங்கச்சி வீட்டு மாடியில எடுக்கலாமா, அது டைல்ஸ் போட்டது" என்று கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். படிப்புரையில், அதாவது முன்திண்ணையில், ஓடு தாழ்ந்து இறங்கியிருப்பதால் தலைக்கு மேலே இருந்து வெளிச்சம் விழாது, முற்றத்திலிருந்து பக்கவாட்டில் மெதுவாக உள்ளே வரும். ஸ்டூடியோவில் இதற்காகவே பெரிய வெள்ளைக் குடை விரித்து லைட் வைக்கிறோம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூட டூர் போகாதவர்கள் நம் குமரி மாவட்டத்தில் குறைவு. அந்த மரச்சட்டங்களுக்கு நடுவே கசிந்து வருகிற வெளிச்சத்தில் பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். வெயிலையும் மழையையும் நினைத்துக் கட்டினார்கள், போட்டோகாரனுக்கும் சேர்த்துக் கட்டியதுபோல் ஆகிவிட்டது. ஒரே தொந்தரவு, சிவப்பு சிமென்ட் தரை. பாலிஷ் ஏறிய சிவப்புத் தரை, தாடைக்குக் கீழே சிவப்பு அடிக்கும். ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து வையுங்கள். போட்டோவில் விழாதபடி முன்னால் விரித்தால் சிவப்பும் போகும், கண்ணுக்குக் கீழே உள்ள கருநிழலும் குறையும்.

நான் வந்ததும் முதலில் எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்வேன். "இருட்டா வராதா சார்?" என்று எல்லோரும் கேட்பார்கள். டியூப்லைட் பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும், அது நீலம் சேர்ந்த வெள்ளை. மஞ்சள் பல்பு 3000 பக்கம். ஜன்னல் வெளிச்சம் இரண்டிலும் சேராது. நம் மூளை இதையெல்லாம் சமாளித்து வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே காட்டும், கேமரா ஏதாவது ஒரு வெளிச்சத்துக்குத்தான் ஒத்துப்போகும். அதோடு நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விலை குறைந்த சில எல்இடி, நொடிக்கு 100 தடவை மினுங்கும், போனில் எடுத்தால் குறுக்கே கோடு கோடாக ஓடும். சுவிட்ச் மட்டும் அணைத்தால் போதும். ஃபேன் ஓடட்டும், வியர்க்க வியர்க்க யாரும் சிரிக்க வேண்டாம்.

அப்புறம் நேரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் நல்ல துணியில் இருப்பார்கள், வந்து எடுத்துவிடுங்கள் என்பார்கள். வசதிதான், ஆனால் வீடு வந்து சேரும்போது வெயில் ஏறிவிடும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும், அந்த நேரத்தில் முற்றத்தில் நின்றால் கண்குழி கறுத்து மூக்கு நிழல் மீசை மாதிரி விழும். காலை ஏழரை முதல் ஒன்பதரை, இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். ஐந்தரைக்கு ஆரம்பிக்கலாம் என்று இருக்காதீர்கள், நம்மூரில் சூரியன் விழுந்தால் மளமளவென்று இருட்டிவிடும். ரப்பர் வெட்டுகிற வீடென்றால் சாயங்காலம்தான் சரி. விடியும் முன்னே எழுந்து பால் எடுத்து ஷீட் அடித்து முடித்த மனிதரைக் குளிப்பாட்டிக் காலையிலேயே சிரிக்கச் சொல்வது பாவம். ரப்பர் தோட்டத்துக்குள் நின்று எடுக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. இலை அடர்ந்த காலத்தில் அங்கேயும் முகம் பச்சைதான், மழைக்காலம் என்றால் கொசு வேறு.

மழை வந்தால் கேன்சல் செய்யாதீர்கள். ஜூன், ஜூலை சாரல் மாதங்களில் வானம் முழுக்க மூடியிருக்கும்போது கிடைக்கிற வெளிச்சம்தான் எனக்கு வருஷத்திலேயே பிடித்தது. ஐப்பசி மழைக்கு மட்டும் காலையில் வைத்துக்கொள்வது நல்லது, அது பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இடியோடு கட்டிக்கொண்டு வரும். கடற்கரை ஊர்களுக்கும் ஜூன், ஜூலைதான் தோது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், குளச்சல், தூத்தூர் பக்கம் ஆண்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான். சின்னமுட்டத்தில் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வளைகுடாவில் இருந்து லீவுக்கு வருகிறவர்கள் வந்த மறுநாளே வைத்துவிடுவார்கள், அது வேண்டாம். அப்பாவை ஒன்றரை வருஷம் போன் திரையில் மட்டும் பார்த்த குழந்தை, மடியில் உட்காரவே நாலு நாள் எடுக்கும். ஒரு வாரம் போகட்டும்.

துணி விஷயத்தில் நான் அதிகம் வாய் கொடுப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே பிட்டில் தைத்தால் கோவில் கொடை வாலண்டியர்கள் மாதிரி இருக்கும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு மூன்று நிறம் ஒன்றுக்கொன்று முட்டாமல் இருந்தால் போதும். மிகப் பொடியான கட்டமும் கோடும் உள்ள சட்டை மட்டும் வேண்டாம், கேமராவில் அலை அலையாக நெளியும். முடி வெட்டுவதை ஒரு வாரம் முன்னாடியே முடித்துவிடுங்கள். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி போடுகிறவர் வேறு கண்ணாடி இருந்தால் எடுத்து வைக்கட்டும்.

குழந்தை உள்ள வீட்டில் நேரத்தை முடிவு செய்வது நானுமல்ல, வெயிலுமல்ல. தூங்கி எழுந்து வயிறு நிறைந்தபின் ஒரு மணி நேரம், அதுதான் கணக்கு. "போட்டோ மாமா வருவாங்க, சிரிக்கலேன்னா அடிப்பாங்க" என்று தயவுசெய்து சொல்லி வைக்காதீர்கள், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது அம்மாவின் முந்தானைக்குள் போய்விடும். "சிரி, சிரி" என்று பின்னால் நின்று கத்துகிற சித்தப்பாவையும் கொஞ்சம் கடைக்கு அனுப்பி வையுங்கள். சொல்லிச் சிரிக்க வைத்தால் பல் மட்டும்தான் தெரியும்.

பெரியவர்களுக்கும் இதே வைத்தியம்தான். கை சும்மா இருந்தால் முகம் விறைத்துப்போகும். தோவாளையில் ஒரு பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்ததும் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்க வந்தவர்போல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளிடம் சொல்லி, அன்றைக்குக் கட்ட வைத்திருந்த பிச்சி மொட்டை முறத்தோடு கொண்டுவரச் சொன்னேன். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கால் பெருவிரலில் மாட்டினார், அவ்வளவுதான், விரல்கள் தானாக ஓட ஆரம்பித்துவிட்டன, நாலு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் பூவில் இல்லை. பேத்தியைப் பார்த்து, "லே மக்கா, உனக்க அப்பன் சின்னதுல இந்த முறத்துலதான் கெடப்பான்" என்று ஆரம்பித்தார். அந்த ஒரு கதை முடிவதற்குள் எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆகவே உங்கள் வீட்டுக் கைவேலை எதுவோ, மரச்சீனிக் கிழங்கோ, கேரம்போர்டோ, வெற்றிலைச் செல்லமோ, அதைப் பக்கத்தில் வையுங்கள்.

பெரியவர்களை முதலில் எடுங்கள். அரைமணி நேரம் போனால் முதுகு வலிக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். பல் செட்டும் காது மெஷினும் போட்டிருக்கிறார்களா என்று முன்னமே கேட்டுவிடுங்கள். "எனக்கு எதுக்கு மக்கா போட்டோ, நான் என்ன கொச்சுப் பிள்ளையா" என்பார்கள், அதை நம்பி உள்ளே விட்டுவிடாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வருகிற இன்னொரு வகைப் போன் எனக்கு உண்டு. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம், போஸ்டருக்குப் போட்டோ வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறோம் என்பார்கள். திறந்து பார்த்தால் ஆதார் அட்டை. இல்லையென்றால் யாரோ ஒருவர் கல்யாணத்தில் முப்பது பேருக்கு நடுவே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம், அதிலும் பாதியை முன்னால் நிற்பவரின் தோள் மறைத்திருக்கும். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இல்லாத கண்ணுக்குக் கண் வரைந்து கொடுத்திருக்கிறேன். காலையில் மகள் வந்து அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரிதான் இருக்கு" என்றார். மாதிரி.

என்னைக் கூப்பிடாமல் போனிலேயே எடுப்பதென்றாலும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். லென்ஸை வேட்டி நுனியால் துடையுங்கள், செல்ஃபி கேமரா வேண்டாம், நாலு அடி பின்னால் போய் 2எக்ஸ் வைத்து எடுங்கள். கிட்டே நின்று அகலமாக எடுத்தால் ஓரத்தில் நிற்பவர் ஒரு சுற்றுப் பருத்துத் தெரிவார், அப்புறம் வீட்டில் சண்டை. எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள், இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், நாலைந்தையாவது பிரின்ட் போடுங்கள். குழந்தை போட்டோவை எங்கள் இணையப் பக்கத்தில் போடலாமா கூடாதா என்பதை எடுக்கும் முன்னமே போட்டோகாரரிடம் பேசிவிடுங்கள். கூடாது என்று நீங்கள் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, நானும்தான்.

வந்த முதல் அரைமணி நேரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்க மாட்டேன், பயந்துவிடாதீர்கள். நாய் என்னை மோந்து பார்த்து முடிக்கட்டும், பாட்டா (தாத்தா) என்னிடம் எந்த ஊர், யார் மகன் என்று விசாரித்து முடிக்கட்டும். அந்த நேரத்துக்கு ஒரு சாயா போதும், சீனி குறைவாக.