பிரேக்கை விட்டால் நூறு

போன மே மாதம், ராத்திரி இரண்டே கால் மணி. பெரம்பூரில் கரண்ட் போய், ஃபேன் கடைசிச் சுற்று சுற்றி நின்றது. சட்டென்று விழிப்பு. நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது. தலையணையில் அழுந்திய காதுக்குள்ளேயே அந்தச் சத்தம். “கெட்ட கனவாடா? தண்ணி குடிச்சிட்டு, திருநீறு பூசிட்டுப் படு” என்றார் அம்மா. மணிக்கட்டைப் பிடித்து அரை நிமிஷம் எண்ணினேன்: 54. நிமிஷத்துக்கு 108. ஆம்புலன்ஸ் நம்பரும் அதேதான் என்பது அந்த நேரத்தில் சிரிப்பை வரவழைக்கவில்லை.

இதயம் துடிக்க மூளையின் உத்தரவு வேண்டாம். அதன் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு தானாகவே மின்துடிப்பை எழுப்பும். யாரும் தலையிடாவிட்டால் அதன் வேகம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 100. மாற்று இதயம் பொருத்தியவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடுவதைப் பார்க்கலாம். அறுவை சிகிச்சையில் நரம்புத் தொடர்பு அறுந்துபோயிருக்கும். நம்மில் பலருக்கு 70 என்று இருக்கிறதே, அது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு நாள் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதால். ஆழ்ந்த தூக்கத்தில் மிதி இன்னும் அழுந்தும், 50-களுக்குக்கூட இறங்கும்.

இந்தப் பிரேக்கின் ரகசியம் பிடிபட்டதும் ஒரு நடுராத்திரி விழிப்பில்தான். ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி கனவில் ஒரு பரிசோதனையைக் கண்டு, எழுந்து குறித்துவைத்தார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு அதே யோசனை திரும்ப வந்ததும், நேரே ஆய்வகத்துக்கு ஓடினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது என்று உறுதியானது. 1936-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின்.

சரி, என் கதைக்கு வருவோம். திடுக்கிட்டு விழித்தால் முதலில் பிரேக் விடுபடும். ஓரிரு துடிப்புக்குள் வேகம் ஏறிவிடும். சில விநாடிகள் கழித்து அட்ரினலின் வந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கும். அது சீக்கிரம் அடங்காது. பயந்தால் இன்னும் சுரக்கும். கனவுத் தூக்கத்தில் துடிப்பு எப்படியும் ஏறி இறங்கும். மே மாதப் புழுக்கமும் சேர்ந்துகொண்டது: சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் பாய்கிறது, வியர்வையில் நீர் போகிறது, மிச்சமுள்ள ரத்தத்தை இதயம் வேகமாகச் சுற்றிவிட வேண்டியிருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் அம்மா சொன்னது மருத்துவம்தான். இடதுபுறம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டிவரும். சாதாரணத் துடிப்புகூடப் பெரிதாகத் தெரியும். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தபோது எண்ணினேன், 76.

எல்லோருக்கும் இப்படிச் சுலபமாக முடியாது. குறட்டை திடீரென்று நின்று, கொஞ்ச நேரம் மூச்சே இல்லாமல், அப்புறம் ‘ஹக்’ என்று திணறி எழுபவருக்கு ஆக்ஸிஜன் குறைந்துதான் இதயம் ஓடுகிறது. பக்கத்தில் படுப்பவர் சொன்னால்தான் அவருக்கே தெரியும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தவர் வியர்த்து நடுங்கி விழித்தால், உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் முதலில் சர்க்கரைத் தண்ணீர். படபடப்போடு நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

ஸ்விட்ச் போட்டதுபோல் திடீரென்று 150-க்கு மேல் ஓடி, அதே மாதிரி சட்டென்று நிற்பது வேறு வகை. இதயத்தின் மின்பாதையில் ஏற்படும் குறுக்குச் சுற்று. தாளமே இல்லாமல் தாறுமாறாக அடித்தாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். சங்கடம் என்னவென்றால், காலையில் போய் இசிஜி எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நெஞ்சில் ஹோல்ட்டர் என்ற சின்னப் பதிவுக் கருவியை ஒட்டி ஒருநாள் முழுக்கப் பதிவு செய்வார்கள். அன்றைக்கென்று பார்த்து, இதயம் சமர்த்தாக இருக்கும்.